கங்கா கொடுத்த ரத்தம்

தான் உயிரோடு இருப்பதை நிரூபிப்பதற்காகக் காளியம்மை அன்று காலை ஏழு மணியிலிருந்து அக்ஷயா இ-சேவை மையத்தில் நின்றுகொண்டிருந்தாள். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷம் ஒரு தடவை அங்கே போய் மெஷினில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆள் போய்விட்டதாக எழுதிக்கொள்வார்கள். முப்பத்தொரு வருஷம் மட்டாஞ்சேரித் தெருக்களைப் பெருக்கிய கையில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்? பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாயிற்று. மெஷின் சிவப்பையே காட்டியது. "அம்மே, கை சோப்பிட்டு கழுகிட்டு வரூ" என்றாள் அங்கிருந்த பெண். கழுவிக்கொண்டு வந்த பிறகும் சிவப்புதான். என்னமோ இவள் அடுத்தவள் விரலை இரவல் வாங்கி வந்த மாதிரி வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் கண்ணைப் படம் பிடித்து ஒப்புக்கொண்டபோது மணி பத்தரை.

அந்தச் சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால், அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் கங்கா சாய்ந்து உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் புதுமை இல்லை. காலனியில் அடுத்த வரிசை வீட்டுக்காரி. கார்ப்பரேஷனில் கூடவே துடைப்பம் பிடித்தவள். சீனி டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று காளியம்மையின் மகன் பினுவைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். புதுமை என்னவென்றால், கங்காவின் முழங்கை மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சும் அதன்மேல் பிளாஸ்திரியும் இருந்தன.

"கையில என்னட்டி?"

"ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுக்க ஆள் வந்துச்சு. கொடுத்து விட்டுட்டேன்."

"யாரு ரத்தத்த?"

"என் ரத்தத்தத்தான். நீதான் இங்க இல்லியே."

 காளியம்மை போட்ட சத்தம் காலனி முழுக்கக் கேட்டது.

ஆறு வருஷத்துக்கு முன் மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். போன வருஷம் அது விலா எலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசி மருந்தெல்லாம் போட்டுப் பார்த்துக் கேட்காமல் போன பிறகு, எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுதர்ஷன், புதிதாக ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்கிறீர்களா என்று கேட்டார். சம்மதப் பத்திரம் இருபத்திரண்டு பக்கம். பெரிய மனது பண்ணி, தமிழ்க்காரி ஆயிற்றே என்று தமிழில் அச்சடித்ததைக் கொடுத்தார்கள். காளியம்மைக்குத் தன் பேரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பினுவுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். தமிழைத் திருப்பிக் கொடுத்து, மலையாளத்தை வாங்கி, பினு அதை வாசித்துத் தமிழில் சொல்லி, நடுநடுவே அவனுக்கே புரியாமல் விழித்து, இரண்டு நாள் ஆயிற்று. அப்புறமும் மாத்திரை நிச்சயமில்லை. பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். ஆயுசில் ஒரு லாட்டரியிலும் ஜெயிக்காதவளுக்கு அந்தக் குலுக்கலில் பேர் விழுந்தது.

மாத்திரை சாப்பிட்டு ஐந்து மாசம். இரண்டாவது மாசத்திலேயே விலாவில் குத்திக்கொண்டிருந்த வலி மட்டுப்பட்டது. மூன்றாவது மாசம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். இடது பக்கம் படுப்பது என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்கள் ஒரு வருஷம் படுக்காமல் இருந்து பார்க்கட்டும். அந்த மாத்திரைக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். பொறுத்துக்கொள்ள வேண்டியதும் கொஞ்ச நஞ்சமில்லை. காலையில் முழுங்கிய நேரத்தை எழுத ஒரு புத்தகம், காலி டப்பாவைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுக்க ஒரு பை, மாசம் ஒரு தடவை போட் ஏறி ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இன்று. வழக்கமாகப் பதினொரு மணிக்கு வருகிற ஆள் லீவு. புதிதாக வந்த அஜீஷ் எட்டரைக்கே வந்து நின்றிருக்கிறான்.

"ஐஸ் பெட்டிய வச்சுக்கிட்டு நிக்கான், பாவம்" என்றாள் கங்கா. "ஒம்பதே காலுக்குள்ள சாம்பிள் போகணும், இல்லாட்டி இன்னைய கணக்குல வராதுன்னு பறஞ்சான். உன் போனு இங்க சார்ஜுல கிடந்து கத்துது. பின்ன நான் என்ன செய்ய? பேர வெட்டிருவாங்கல்ல?"

"அவன் ஆஸ்பத்திரி கார்டு கேக்கலியா?"

"கேட்டான். உன் டிரங்குப் பெட்டில இருந்து எடுத்துக் காட்டினேன். பொறந்த தேதி கேட்டான், அதையும் சொன்னேன். எனக்குத் தெரியாதா உன் தேதி?"

இதைச் சொன்னபோது கங்காவின் முகத்தில் துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. ஏன் இருக்கப்போகிறது? முப்பத்தொரு வருஷம் அவர்கள் இருவரும் செய்தது இதைத்தானே. பினு பிறந்தபோது பதினேழு நாள் கங்கா தன் தெருவையும் பெருக்கி, இவளுடைய ஜூ டவுன் யூதத் தெருவையும் பெருக்கி, வருகை எழுதும் மஸ்டர் புத்தகத்தில் இரண்டு இடத்தில் கைநாட்டு வைத்தாள். கங்காவின் புருஷன் கிடையில் விழுந்தபோது காளியம்மை ஒரு மழைக்காலம் முழுக்க அவள் பேருக்கும் சேர்த்து வைத்தாள். எத்தனை விரல் வைத்தாலும் தெரு சுத்தமாக இருந்தால் சரி என்று மேஸ்திரியும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். ஒருத்தி பேர் வெட்டுப்படாமல் மற்றவள் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலையின் ஒரு பாகம்.

"ஏட்டி, ரத்தம் என்ன ரோடா, நீ கூட்டிட்டா நான் கூட்டின மாதிரின்னு சொல்ல?"

"ரத்தம் ரத்தம்தானே. என்னோடது நல்லாத்தான் இருக்கும். உன்னோடது மாதிரி சீக்குப் பிடிச்சதா?" என்று சொல்லி, கங்கா மிச்சச் சாயாவைக் குடித்து முடித்தாள்.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். அதைக் காளியம்மை பிறகு நூறு தடவை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பண்ணவில்லை. போன மாசம் அவள் ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது என்று ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை குறைந்தால் யோசிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனையைக் கவனித்துக்கொள்ளும் ஷைலஜா சிஸ்டர் சொல்லியிருந்தாள். கங்கா ரத்தம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும், இந்தத் தடவை அதோடு போகட்டும் என்று ஒரு அற்ப ஆசை. திருட்டுப் புத்திதான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷைலஜாவின் போன் வந்தது.

"அம்மே, கவுண்ட் எல்லாம் நல்லா இருக்கு. பட்சே சுகர் முந்நூத்தி எண்பத்திரண்டு. குளிகை நிர்த்தணும், இப்பத்தன்னே. திங்களாழ்ச்ச டாக்டரைக் காணணும். பேடிக்கண்டா, கேட்டோ."

மாத்திரையை உடனே நிறுத்து, பயப்படாதே என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.  காளியம்மைக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் அடுத்த வரிசைக்கு நடந்தாள். கங்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு சுகர்ட்டி. முந்நூத்தி எண்பத்திரண்டு."

"எனக்கா? உனக்குத்தான் சீக்கு. உன் பேர்ல வந்தது உன் சுகர்."

"ரத்தம் உன்னுது!"

"பேரு உன்னுது!" கங்கா மீன் சட்டியை நங்கென்று வைத்தாள். "அந்த மாத்திரைதான் காரணம்னு டாக்டர் பறஞ்சா அதுதான் காரணம். நாலு கரண்டி சீனி போட்டு சாயா குடிக்கேன், எனக்கு சுகர் இருந்தா இந்நேரம் செத்திருக்க மாட்டேன்?"

 காளியம்மை திரும்பி வந்துவிட்டாள். வரும் வழியில் ஒரு யோசனை தோன்றியது. திங்கட்கிழமை போய்த் தன் சொந்த ரத்தத்தைக் கொடுப்பது. அதில் சுகர் இருக்காது. மெஷின் தப்பு என்று அவர்களே விட்டுவிடுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாமல் காரியம் முடிந்துவிடும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தாள்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். சுகர் நூற்று நான்கு. மூன்று மாச சுகர் என்று இன்னொன்று பார்த்தார்கள், அதுவும் சுத்தம், பழைய சர்க்கரை வியாதி இல்லை என்று அர்த்தமாம். டாக்டர் சுதர்ஷன் காகிதத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். அவர் பாலக்காட்டுக்காரர், இவளிடம் தமிழில்தான் பேசுவார்.

"பாத்தீங்களா? குளிகை சாப்பிடறச்சே முந்நூத்தி எண்பத்திரண்டு. நிறுத்தினதும் நூத்தி நாலு. இதைவிடத் தெளிவா என்ன வேணும்? குளிகைதான் உங்க சுகரை ஏத்தியிருக்கு. இனி உங்களுக்கு அதைக் கொடுக்க முடியாது."

 தப்பிக்கத் தோண்டிய குழியில் காளியம்மை தானே போய்த் தொப்பென்று விழுந்தாயிற்று.

"டாக்டரே, அந்த ரத்தம் என்னோடது இல்ல."

டாக்டர் சிரித்தார். கனிவான சிரிப்பு. அதைப் பார்த்தபோது அவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மருந்து நிக்கப்போறதுன்னா எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வா. அன்னிக்கு வந்த ஆள் கார்டு பார்த்து, பிறந்த தேதி கேட்டு, எழுதி வச்சிருக்கான்."

"அது கங்கா. என் கூட வேல பாத்தவ. அவளுக்குத்தான் சுகர்."

"அவாளை அழைச்சுண்டு வாங்களேன், பார்க்கலாம்" என்றார் டாக்டர். குழந்தையிடம் நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்கிற குரல். அந்த ரத்தத்தையே திரும்பச் சோதிக்கலாம் என்றால் அது பெங்களூருக்குப் போய்த் தீர்ந்துவிட்டதாம்.

வெளியே வராந்தாவில் ஷைலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னதெல்லாம் நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்று தெரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. இந்த மருந்தைச் சோதிக்கும் எல்லா ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் கம்பெனியிலிருந்து எழுதியாயிற்றாம். மருந்து சாப்பிடுகிற எல்லாருக்கும் சுகர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். வேறொரு ஊரில் லேசாகச் சர்க்கரை இருந்த ஒரு அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்தியே விட்டார்களாம். கங்கா நேரில் வந்து ரத்தம் காட்டினால்தான் டாக்டர் நம்புவார் என்றாள்.

போட்டில் திரும்பி வரும்போது வெலிங்டன் தீவுக் கிடங்குகளைப் பார்த்தபடி காளியம்மை அந்த அம்மாவைப் பற்றியே நினைத்தாள். யாரோ. என்ன ஊரோ. அவளும் இப்போதுதான் இடது பக்கமோ வலது பக்கமோ படுக்கத் தொடங்கியிருப்பாள். கங்கா வீட்டு சாயாவுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? தன் மேலேயே காளியம்மைக்கு வெறுப்பாக இருந்தது.

கங்கா பிடி கொடுக்கவில்லை. காலையில் போனால் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் போனால் தலைவலி என்று போர்த்திப் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பினுவையே அனுப்பினாள். "அம்மாட்ட பற, எனக்கு ஆஸ்பத்திரி மணம் ஆகாதுன்னு" என்று கங்கா அவனிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட இவளைப் பார்க்காமல் இருக்க முடியாதவள் இப்போது ஒளிந்து விளையாடுகிறாள். மாத்திரை நின்று பதினோராம் நாள் விலாவில் பழைய வலி வந்து எட்டிப் பார்த்தது. பன்னிரண்டாம் நாள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளேயே வந்துவிட்டது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை எழுந்து, முகம் கழுவி, ஜூ டவுனுக்கு நடந்தாள். ரிட்டயர் ஆன பிறகு கங்கா அங்கே ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்கப் போவாள். பத்துப் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து சொத்தைச் சுக்கைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காளியம்மை அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய் கங்காவுக்கு எதிரே சுக்குக் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள்.

"எந்திரி."

"வேல இருக்குட்டி."

"எந்திரிக்கியா, இல்ல நான் இங்கயே கிடக்கட்டா? எனக்கு நடக்க முடியல. வலிக்குது. எலும்ப யாரோ திருகுற மாதிரி வலிக்குது. நீ எனக்குச் செஞ்சது பெரிய உபகாரம்தான், இல்லன்னு சொல்லல. இப்ப ஒரு விரல நீட்டி ஒரு சொட்டு ரத்தம் காட்ட உனக்கு என்னடி கேடு?"

சுக்கு பொறுக்கிய கைகள் எல்லாம் நின்றுவிட்டன. கங்கா தலை நிமிரவில்லை.

"எங்கயோ ஒருத்திக்கு குளிகைய நிறுத்திட்டாங்க. அவ பேரு கூட எனக்குத் தெரியாது. உன் சாயாவுல போட்ட சீனிக்கு அவ கிடந்து வேகுறாட்டி."

கங்கா மடியில் கிடந்த சுக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அப்புறம் யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள்.

"எங்க அம்மைக்கு முதல்ல விரல எடுத்தாங்க. பின்ன பாதம். பின்ன முட்டு வரைக்கும். சுகர்னு டாக்டர் பேரு சொல்ற வரைக்கும் அவ நடந்துக்கிட்டுத்தான் இருந்தா."

"அப்ப உனக்குத் தெரியும்."

"ரெண்டு வருஷமா நாக்கு வரளுது. எனக்குத் தெரியாதா? பேரு வைக்க வேண்டாம்னு இருந்தேன்."

காளியம்மைக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் கூடவே வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் பேரு தெரிஞ்சு வச்சுக்கிட்டு நிக்கலியா? ஊரு பூரா பேரு தெரிஞ்சு நிக்கேன். உனக்கு மட்டும் என்னடி பவிசு?" என்று கத்தினாள். கத்தியதில் விலா பிடித்துக்கொண்டு மூச்சு நின்றது. கங்கா எழுந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் இருவரும் அப்படியே போட் ஜெட்டிக்கு நடந்தார்கள். கங்கா லேசாகக் காலை இழுத்து நடந்தாள். வலியில் காளியம்மை அதைக் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஷைலஜா கங்காவின் விரலில் ஊசியைக் குத்தி, சின்ன மெஷினில் வைத்து, எண் வந்ததும் டாக்டரிடம் நீட்டினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. டாக்டர் சுதர்ஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவருக்கு வந்த கோபத்தைப் பாலக்காட்டுத் தமிழ் தாங்கவில்லை. மலையாளத்துக்குப் போய், அதுவும் போதாமல் இங்கிலீஷுக்குப் போனார். நாடு முழுக்கக் கடிதம் போயிருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உங்களுக்கெல்லாம் இது விளையாட்டா என்று கேட்டார். இருவரும் தலை குனிந்து நின்றார்கள். மேஸ்திரி திட்டும்போது நின்று நின்று பழகிய நிற்பு அது.

கோபம் அடங்கியதும் அவர் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்கு வந்த அந்த ஆள் அஜீஷ், கார்டு கேட்டானா? தேதி கேட்டானா? எழுதி வச்சிருக்கான். ஆனா கேக்காமலேயே எழுதறவாளும் உண்டு. அவன் கேக்கலைன்னா இது அவன் தப்பு, உங்க பேர்ல ஒண்ணும் வராது, மருந்து தொடரும். அவன் கேட்டு நீங்க மாத்திச் சொல்லியிருந்தா, உங்களை வச்சுக்கலாமா வேண்டாமான்னு கமிட்டி முடிவு பண்ணும். என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

கங்கா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காளியம்மைக்குத் தெரியும். இவளுக்காகக் கைநாட்டு வைத்த அதே வேகத்தில் ஒரு பொய்யையும் வைத்துவிடுவாள். வைத்தால் நாளைக் காலையே மாத்திரை. வலி போய்விடும். அஜீஷின் வேலையும் போய்விடும். ஓடையில் அடைப்பு என்றால் இன்ஜினியர் ஒருவரும் மாட்டிக்கொண்டது கிடையாது, துடைப்பம் பிடித்தவள்தான் மாட்டுவாள். ஐஸ் பெட்டி தூக்குகிறவனும் அந்த வரிசையில் நிற்கிறவன்தான். ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டே அவள் மனசு ஒரு நிமிஷம், சொல்லட்டுமே, சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சியது. அவ்வளவு வலித்தது.

"கேட்டான்" என்றாள் காளியம்மை, கங்காவை முந்திக்கொண்டு. "கார்டும் கேட்டான், தேதியும் கேட்டான். இவ காட்டினா, இவ சொன்னா. நான் வந்த உடனே தெரியும், நானும் சொல்லாம இருந்தேன். அவன் பேர்ல எழுதாதீங்க சாரே."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, கங்காவைப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொன்னார். கங்கா முடியாது என்றாள். ஷைலஜா குனிந்து கழற்றினாள். சுண்டுவிரலுக்குக் கீழே, துணியைச் சுற்றி மறைத்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழிந்த புண். சுற்றிலும் கறுத்திருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் ஜெட்டி வரைக்கும் இவளைத் தாங்கி வந்திருக்கிறாள். காளியம்மை பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

அன்று சாயங்காலமே கங்காவை மட்டாஞ்சேரி சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுண்டுவிரலை எடுத்ததோடு போயிற்று. இன்னும் ஒரு மாசம் கழித்து வந்திருந்தால் பாதமே என்று அங்கே சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து ஷைலஜா போன் பண்ணினாள். அந்த வேறு ஊர் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டார்களாம். காளியம்மைக்கு மனசு குளிர்ந்தது. அவள் பேர் என்ன என்று கேட்டாள், சொல்ல விதியில்லையாம். "அப்ப எனக்கு?" என்றாள். கமிட்டி கூட வேண்டும். கமிட்டி எப்போது கூடும்? ஒருத்தர் லீவில் இருக்கிறார். மனசு குளிர்ந்தது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் படுத்துத் தூங்கியிருக்கலாம். சத்தியம் பேசினால் நெஞ்சு லேசாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு விலாவில் வலி இருந்திருக்காது. அடுத்த ஒன்பது நாளும் அவள் பினுவைத் திட்டினாள், காக்காயைத் திட்டினாள், லீவில் போன கமிட்டிக்காரரைத் திட்டினாள். வலி மட்டும் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் வரச் சொன்னார்கள். போட்டில் ஏறுவதற்கு முன் பதற்றத்தில் கை கால் ஓடாமல், எட்டரை மணிக்கு ஜெட்டிக் கடையில் பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி ஒன்றை வாங்கித் தின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கமிட்டி ஒப்புக்கொண்டதாம். அந்தச் செவ்வாய்க்கிழமை ரத்தத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், ஒவ்வொரு தடவையும் நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும். அஜீஷ் வேலையில் இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கிறான். ஷைலஜா புது டப்பாவைக் கையில் வைத்து, "இன்னைக்கே தொடங்கிக்கோ அம்மே" என்றாள். அப்புறம், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். பழம்பொரி என்றதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தின்றால் நாலு மணி நேரம் வயிறு காலியாக இருந்த பிறகுதான் போட வேண்டும். அப்போது மணி பத்தரை. இருபத்தைந்து நாள் காத்திருந்துவிட்டு ஒரு பழம்பொரிக்காக இன்னும் இரண்டு மணி நேரம்!

காளியம்மை வீட்டுக்குப் போகவில்லை. போட் இறங்கி நேரே கங்காவின் வார்டுக்குப் போனாள். காலில் பெரிய கட்டோடு கங்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"கொடுத்தாங்களா?"

காளியம்மை டப்பாவைக் காட்டினாள். கங்கா அதை வாங்கி, குலுக்கிப் பார்த்து, மூடியைத் திருகப் போனாள்.

"போடு. இப்பவே போடு."

"பன்னெண்டரைக்குத்தான். பழம்பொரி தின்னுட்டேன்."

"தின்னியா? இன்னைக்குப் போயி தின்னியா? உனக்குக் கிறுக்காட்டி?"

"நீ பேசாத. இவ்வளவுக்கும் நீதான் காரணம். வாயில நல்லா வருது எனக்கு."

இப்படி ஆரம்பித்தது வெகுநேரம் நடந்தது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் ஒருத்தி வந்து, சத்தம் போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். சீனி இல்லாத சாயா வந்தது. கங்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். காளியம்மைக்கு அதுவும் கூடாது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு மேல் திட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. வலி விலாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கங்கா, எனக்குச் சாகப் பயமா இருக்குட்டி."

இத்தனை வருஷத்தில் இந்த வியாதியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லாத ஒரே வார்த்தை அது. பினுவிடம்கூடச் சொன்னதில்லை. 

"எனக்கும்தான்" என்றாள் கங்கா. கொஞ்சம் நகர்ந்து, கட்டுப் போட்ட காலை ஓரத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலில் இடம் விட்டாள். காளியம்மை ஏறிச் சாய்ந்துகொண்டாள். சுவரில் இருந்த கடிகாரத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்குக் காளியம்மை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"வாயைத் திற" என்றாள் கங்கா.

"முழுங்கிட்டேன்டி."

"திற. உன்னை நம்ப முடியாது."

காளியம்மை வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.